மாசக் கடைசி மனிதர்

அவர் ஒரு வாழைப்பழத்தை முழுசாகத் தின்று நான் பார்த்ததில்லை. உரிப்பார், நடுவில் கிள்ளுவார், பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் கையில் ஒரு துண்டைத் திணிப்பார். டீ வந்தால் இன்னொரு டம்ளர் கேட்பார். பக்கத்தில் யாரும் இல்லாவிட்டால் டீக்கடைக்காரருக்கே ஊற்றிக் கொடுப்பார். தான் போட்ட டீயைத் தானே குடித்து 'நல்லாருக்கு' என்று சொல்ல வேண்டிய கொடுமையை அந்த டீக்கடைக்காரர் எத்தனை வருஷம் பொறுத்தாரோ. செய்தித்தாள் வாங்கினால் நடுப்பக்கத்தை உருவிப் பக்கத்து ஆளிடம் நீட்டிவிட்டுத்தான் முதல் பக்கத்தைப் பிரிப்பார்.

"இவியளுக்கு எதையும் முழுசா வச்சுக்கிடத் தெரியாது. கல்யாணத்தன்னிக்கே என் இலையில இருந்த லட்டுல பாதிய பிட்டு எங்க சித்தப்பாட்ட குடுத்தாவ" என்று அவர் மனைவி சொல்வார். இருவரும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். நெய்வேலிக்கு வேலைக்கு வந்து டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலேயே தலை நரைத்தவர்கள். அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவருக்குப் பிடிக்காது, பெயரிலும் பாதியை இன்னொருவருக்குக் கொடுக்கச் சொல்வார்.

நான் அப்போது புதிதாக லட்டு பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். டவுன்ஷிப்புக்கு வெளியே, குறிஞ்சிப்பாடி போகிற சாலையில் எங்கள் ஊர். என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. கான்ட்ராக்ட் கைமாறும்போதெல்லாம் சில மாதம் வீட்டில் உட்கார்ந்திருப்பார். பர்மனென்ட் ஆகிற கனவு மட்டும் லீவு போடாமல் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாண சமையல்காரர் ஒருவரிடம் எடுபிடியாகப் போய் நான் பூந்தி தேய்க்கப் பழகினேன். கை வந்துவிட்டது என்று எனக்கே தோன்றிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாத்திரம் நிறைய லட்டு பிடித்துக்கொண்டு வாரச் சந்தையில் போய் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். ஈ மொய்க்கக் கூடாதே என்று பாத்திரத்தைத் தட்டுப் போட்டு மூடி, தட்டின்மேல் துண்டைப் போர்த்தி, துண்டு பறக்காமலிருக்கக் கல்லும் வைத்திருந்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரிய வழியில்லை. கூவி விற்க வெட்கம். யாராவது வந்து கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தேன். வெயில்தான் வந்தது.

கடைசியில் அவர் வந்து நின்றார். வேட்டி கட்டியிருந்தார், காலில் மட்டும் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற பூட்ஸ்.

"உள்ள என்னம்மா, பாம்பா?"

"லட்டு சார்."

"லட்டா! நீ மூடி வச்சிருக்கதப் பாத்தா மகுடி எடுத்து ஊதணும் போல இருக்கு. தொற, தொற."

திறந்தேன். ஒன்றை எடுத்து இரண்டாக உடைத்தார். பாதியை என்னிடம் நீட்டினார்.

"ஐயோ, எனக்கு எதுக்கு சார்? விக்கறவளே துன்னுகினு இருந்தா யாரு வாங்குவாங்க?"

"நீ திங்காதத நான் எப்படி நம்பித் திங்க?"

தின்றேன். என் லட்டை அந்தச் சந்தையில் முதன்முதலில் தின்ற ஆள் நான்தான். கிராம்பு தூக்கல் என்று வாயில் வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் முகத்திலும் அது தெரிந்தது. ஆனாலும் "மாசக் கடைசில சும்மாதான இருப்ப?" என்று கேட்டார். எனக்குத் திக்கென்றது. மாசக் கடைசி என்றால் எங்கள் தெருவில் குழுக் கடன் வசூல் பண்ண வருகிறவர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். "நான் எந்தக் குழுவுலயும் இல்லீங்க சார். வேற யாரோன்னு நெனச்சிகினு வந்துட்டீங்க" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் கீரை விற்றவள் எழுந்து பார்க்க வந்துவிட்டாள்.

நெய்வேலியில் மாசக் கடைசி என்றால் வேறு. சுரங்க வேலையில் அந்த மாதத்தோடு ரிட்டயர் ஆகிறவர்களுக்கெல்லாம் அன்றைக்குத்தான் கடைசி ஷிப்ட். செக்‌ஷனில் மாலை போட்டு, சால்வை போர்த்தி, நாலு பேர் பேசி, இரண்டு பேர் அழுது, அப்புறம் மேளத்தோடும் வெடியோடும் ஊர்வலமாகக் கொண்டுவந்து குவார்ட்டர்ஸ் வாசலில் இறக்குவார்கள். வாசலில் ஷாமியானா. மனைவி ஆரத்தித் தட்டோடு நிற்பார். சொந்த ஊரிலிருந்து வந்த சனம் பாதித் தெருவை அடைத்திருக்கும். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு பெட்டி, அதில் லட்டு, மிக்சர், ஒரு துண்டு முந்திரி கேக். வேறு வேறு ஜில்லாவிலிருந்து பிழைக்க வந்து ஒரே பிளாக்கில் ஆயுசைக் கழித்தவர்கள் அன்றைக்கு ஒரு நாள் ஒரே ஊர்க்காரர்களாக இருப்பார்கள். கொஞ்ச நாளில் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அவரவர் ஊர் பார்த்துப் போய்விடுவார்கள்.

அந்த விசேஷத்தை முன்னின்று செய்து கொடுப்பவர் அவர். யாரும் அவரை நியமிக்கவில்லை. அதில் அவருக்குக் காலணா ஆதாயமும் கிடையாது. முதலில் அவருடைய செக்‌ஷனில் ரிட்டயர் ஆனவர்கள், "அண்ணே, நீங்களே பாத்துக்கங்க" என்றார்கள். பிறகு பக்கத்து செக்‌ஷன். பிறகு மாசக் கடைசி நெருங்கினால் அவர் வீட்டு வாசலில் செருப்பு குவிய ஆரம்பித்தது. அவர் செய்தது ஒன்றுதான். வந்த வேலையை உடைத்தார். லட்டு ஒருத்திக்கு, மிக்சர் இன்னொருத்திக்கு, முந்திரி கேக் பண்ருட்டிப் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு, சால்வை குறிஞ்சிப்பாடியில் தறி வைத்திருக்கிறவருக்கு, வெறும் அட்டைப் பெட்டி மடிக்கிறதற்குத் தனியாக ஓர் ஆள். எல்லாரும் புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள், அல்லது தொடங்கி முழி பிதுங்கிக்கொண்டிருந்தவர்கள். "ஒரு ஆள்ட்ட மொத்தமா குடுத்தா ஒரு ஆள் பொழைப்பான். பிரிச்சுக் குடுத்தா ஒரு தெரு பொழைக்கும்லா" என்பார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கும். விசேஷ வீட்டுக்காரர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். லட்டு வந்து இறங்கியிருக்கும், அதைப் போடப் பெட்டி வந்திருக்காது. பெட்டி வரும்போது மிக்சர் வழியில் பஸ்ஸுக்கு நிற்கும். வீட்டுக்காரம்மா ஆரத்தி கரைக்கிறதா, வாசலில் நின்று வழியைப் பார்க்கிறதா என்று தவிப்பார். அவர் மட்டும் மொபெட்டில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் பறந்துகொண்டிருப்பார். எப்படியோ மேளச் சத்தம் தெருமுனையில் கேட்கிறபோது எல்லாம் சரியாகியிருக்கும். எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஒரு முறை சரியாகவில்லை. பெரிய விசேஷம், நிறையப் பெட்டி. லட்டையே எனக்கும் வேறு இரண்டு பெண்களுக்கும் பிரித்துக் கொடுத்திருந்தார். என் கை தாராளமான கை, அந்தக் காலத்தில் நான் பிடித்த லட்டு சின்னத் தேங்காய் மாதிரி இருக்கும். இன்னொருத்தி பிடித்தது இலந்தைப்பழம். மூன்றும் கலந்து பெட்டிக்குள் போய்விட்டன. ரிட்டயர் ஆனவருடைய சம்பந்தியம்மா வெளியூரிலிருந்து வந்தவர், நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். பக்கத்தில் அந்த வீட்டுப் பால்காரரும் பெட்டியைத் திறந்தார்.

"பால்காரருக்குத் தேங்கா, சம்பந்திக்கு எலந்தப்பழமா? நல்லாருக்குங்க உங்க மரியாதை" என்றார் சம்பந்தியம்மா. அவ்வளவுதான், பந்தலே திரும்பிப் பார்த்தது.

வேறு யாராயிருந்தாலும் உள்ளேயிருந்து இரண்டு பெரிய லட்டை எடுத்துவந்து கொடுத்துச் சமாளித்திருப்பார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? பால்காரர் கையிலிருந்த லட்டை வாங்கினார், இரண்டாக உடைத்தார், பாதியைச் சம்பந்தியம்மா பெட்டியில் வைத்தார். "இப்ப சரியாப் போச்சுல்லா?" என்று வேறு கேட்டார். சம்பந்தியம்மா எழுந்து போய் வாடகைக் காரில் உட்கார்ந்துவிட்டார். அவரை இறக்கிக் கூட்டிவர அந்த வீட்டு மருமகன் பட்ட பாட்டைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன், என் வீட்டுக்காரர் முழங்கையால் இடித்தார்.

அடுத்த வாரமே பண்ருட்டிப் பாத்திரக் கடையில் ஒரே அளவில் மூன்று கிண்ணம் வாங்கி வந்து ஆளுக்கொன்று கொடுத்தார். அளவு ஒன்றாயிற்று. நிறம் ஆகவில்லை. ஒருத்தி லட்டு மஞ்சள், ஒருத்தி லட்டு ஆரஞ்சு. அதற்கு அவர் ஒன்றும் செய்யவில்லை. "எல்லாருக்கும் ஒரே கலர்ல கண்ணா இருக்கு?" என்று விட்டுவிட்டார். இதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

மிக்சர் போட்டுக் கொடுத்தவள் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து எங்கள் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த பெண். கழுத்தில் சிலுவை டாலர், காற்றடித்தால் சாய்ந்துவிடுகிற உடம்பு. ஆனால் அவள் மாதிரி மெல்லிசாக ஓமப்பொடி பிழிகிறவளை நான் பார்த்ததில்லை. எனக்கு அவளைப் பிடிக்கும். பொறாமையும் உண்டு, இல்லையென்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்.

ஒரு மாசக் கடைசி வருகிற நேரம் பார்த்து அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. அவர் என் வீட்டுக்கு வந்தார். "இந்தத் தடவ மிக்சரும் நீயே போட்டிரும்மா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்படியே மிக்சரும் நம் கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டு, பூண்டு தட்டி, கறிவேப்பிலை பொரித்து, முந்திரியை வஞ்சகமில்லாமல் போட்டு மனசாரச் செய்தேன். பெட்டி போடுகிற இடத்தில் ஒருவர் ருசி பார்த்துவிட்டு, "யாரு போட்ட மிக்சர் இது?" என்று கேட்டார். நான் முன்னால் வருவதற்குள் இவர் முந்திக்கொண்டார். "மேல்பட்டாம்பாக்கத்துப் பிள்ளை போட்டது. அடுத்த மாசம் உங்க வீட்டு விசேஷத்துக்கும் அதுதான் போடும்."

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்ணே, அடுப்புல வெந்தவ நானு. பேரு அவளுக்கா?"

"ஆர்டர் அவளோடதுல்லாம்மா. நீ கை மாத்தாச் செஞ்ச."

"அப்ப எனக்கு அம்மை வந்தா?"

"வரட்டும். லட்ட அவ பிடிப்பா. உன் பேரச் சொல்லுவேன்."

அவள் பிடித்த லட்டைப் பிறகு ஒரு நாள் பார்த்தேன். எனக்கு அம்மையே வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

இப்படியே சில வருஷம் ஓடியது. என் கை தேர்ந்தது. லட்டோடு மைசூர்பாகு, அதிரசம் எல்லாம் வந்தது. அப்போதுதான் டவுன்ஷிப் கேட்டுக்கு வெளியே சாலை முக்கில் ஒரு கடை வாடகைக்கு வந்தது. சின்ன இடம்தான், பின்னால் அடுப்பு போட வசதி. எனக்கு ராத்திரியெல்லாம் அந்தக் கடையே கண்ணில் நின்றது. கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிய லட்டு, மேலே என் மாமியார் பெயரில் போர்டு. மாமியார் பெயர் எதற்கு என்றால், அப்போதுதான் அவர் வாயை மூடிக்கொண்டிருப்பார். கடையின் சொந்தக்காரர் ஒன்றுதான் கேட்டார். "மாசா மாசம் நிக்காம வேல இருக்குமா? காட்டுங்க, தரேன்." வருகிற மாசக் கடைசியில் பல வீட்டு விசேஷம் சேர்ந்து வருவதாகப் பேச்சு. அதை மொத்தமாக எடுத்துச் செய்துவிட்டால் கடை எனக்கு. வேலையைப் பிரித்துக் கொடுக்கிற அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

போனேன். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் தோட்டத்தில் உட்கார்ந்து பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். கை முழுக்க எண்ணெய். அக்கம்பக்கத்து வீட்டுத் தட்டெல்லாம் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் சுளை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வர மாசத்து வேலைய மொத்தமா எங்கிட்ட வுடுங்க. லட்டு, மிக்சர், கேக்கு எல்லாம். ஒரே ஒரு தடவ. அத்த காட்டிதான் கடைய புடிக்கணும்."

"மிக்சர் போடுத பிள்ள என்ன செய்யும்?"

"ஒரு மாசம் சும்மா இருக்கட்டுமே. நான் இருந்ததில்லியா?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "ஒரு மாசம் சும்மா இருந்தா மறு மாசம் அது சட்டிய எடுக்காதும்மா. பாத்திரம் கழுவ எங்கயாவது போயிரும். அப்படிப் போனவங்கள நான் பாத்திருக்கேன். திரும்பி வரமாட்டாங்க."

"சரி. அவங்களுக்கெல்லாம் நீங்க பாக்கறீங்க. நான் எப்பதான் பெரிய ஆளு ஆவறது? கடைசி வரிக்கும் பாதி லட்டு, பாதி மிக்சருன்னே இருக்கணுமா?"

கேட்டது தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் விரலில் ஒட்டிய பலாப்பிசினைத் தேய்த்தார். "அது எனக்குத் தெரியலம்மா" என்றார். சமாதானமாக ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அந்த நேர்மைதான் எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு தட்டு நிறையச் சுளை போட்டு என் பக்கம் தள்ளினார். நான் தொடாமல் எழுந்து நடந்தேன்.

"ஏட்டி, அவிய மேல உள்ள கோவத்தப் பழத்து மேல காட்டாத" என்று அவர் மனைவி பின்னாலேயே ஓடிவந்து தட்டைக் கையில் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகள் தின்றார்கள். நான் ஒரு சுளைகூடத் தொடவில்லை. அப்படி ஒரு வீம்பு.

கடை எனக்குக் கிடைக்கவில்லை. அந்த இடத்துக்கு வந்தவர் யார் தெரியுமா? வெளியூரில் பெரிதாகத் தொழில் செய்கிற ஒருவர். ரிட்டயர்மென்ட் விசேஷத்துக்கு எல்லாம் ஒரே இடத்தில் என்று போர்டு வைத்தார். ஷாமியானா முதல் சால்வை வரைக்கும் அவரே. லட்டெல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு, ஒரே நிறம். பெட்டியின் மேல் ரிட்டயர் ஆகிறவரின் போட்டோவையே அச்சடித்துக் கொடுத்தார். அதில்தான் எல்லாரும் விழுந்தார்கள். காலமெல்லாம் நிலக்கரிப் புழுதியில் கிடந்த மனுஷனுக்குத் தன் முகத்தை ஒரு பெட்டிமேல் பார்க்கிற ஆசை இருக்காதா? எனக்கு வந்த வேலை பாதியானது, அந்தப் பாதியும் பாதியானது. மிக்சர்காரி முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கும். நான் அவரிடம் போய், "பாத்தீங்களாண்ணே, அன்னிக்கு எனக்குக் குடுத்திருந்தா அந்தக் கடை நம்ம கையில இருந்திருக்கும்" என்றேன். அவர் குடித்துக்கொண்டிருந்த டீயில் பாதியை ஊற்றி என்னிடம் கொடுத்தார். அதை வாங்கிக் கீழே கொட்டலாமா என்று இருந்தது. குடித்துவிட்டேன்.

பிறகு அவருக்கே மாசக் கடைசி வந்தது. எங்களுக்குள் அதுவே பேச்சு. அவர் விசேஷத்துக்கு யார் லட்டு, யார் மிக்சர், யார் மாலை? காசு வாங்காமல் செய்ய வேண்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அவர் கூப்பிடுவார் என்று காத்திருந்தோம். கூப்பிடவில்லை. ஒரு நாள் மிக்சர்காரி மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"அக்கா, சேதி தெரியுமா? முக்குக் கடைக்காரருக்கே குடுத்துட்டாராம். மொத்தமா."

ஊரெல்லாம் பிரித்துக் கொடுக்கச் சொன்ன மனுஷன், தன் வீட்டு விசேஷத்தை முழுசாக, அதுவும் எங்கள் அடுப்பை அணைத்தவரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். "போற போக்குல புத்தி கெட்டுப் போச்சு" என்று வாய்விட்டுத் திட்டினேன்.

மறுநாளே கணவனும் மனைவியுமாக வீட்டுக்கு வந்தார்கள். வெற்றிலை, குங்குமம், கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி. எனக்கு மட்டுமில்லை. மிக்சர்காரி, மாலை கட்டுகிறவள், சால்வைக்காரர், ஷாமியானா போடுகிறவர், பெட்டி மடிக்கிறவர் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் போயிருக்கிறார்கள். "எல்லாரும் நல்லதா உடுத்திட்டு வரணும். கையில ஒண்ணும் கொண்டு வரக் கூடாது" என்றார் அவர். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. போகப் போவதில்லை என்றுதான் இருந்தேன். "அவர் போட்ட சோத்தத் துன்னுட்டு மொறைச்சிகினு வூட்ல குந்தினா நல்லாவா இருக்கும்? கெளம்பு" என்று என் வீட்டுக்காரர்தான் கிளப்பினார். கல்யாணப் பட்டை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

போனால் முன்வரிசை முழுக்க எங்களுக்கு. எத்தனை விசேஷத்துக்கு வந்திருக்கிறோம், எல்லாம் பின்பக்கமாகத்தான், சமையல் பக்கமாகத்தான். நாற்காலியில் உட்கார்ந்து பழக்கமில்லை. ஷாமியானாக்காரர் மேலே முடிச்சையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாலைக்காரி, "சம்பங்கி வாடிப்போச்சு" என்று முணுமுணுத்தாள். எனக்குக் கை இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் மனைவி வந்து எங்களை ஒவ்வொருவராக எழுப்பி இடம் மாற்றி உட்கார வைத்தார். "நீ இங்க இரு. நீ அந்தக் கண்ணாடி போட்டவர் பக்கத்துல போ." இரண்டு பேருக்கு நடுவே ஒரு நாற்காலி விட்டு, அதில் அவருடைய ஆபீஸ் ஆட்கள். எதற்கு இந்தக் கூத்து என்று நினைத்தேன்.

மேளம் வந்தது, வெடி வந்தது, மாலைக்குள் பாதி மறைந்து அவர் வந்தார். நாலு பேர் பேசினார்கள். கடைசியில் மைக்கை அவர் கையில் கொடுத்தார்கள்.

"ஏன் வெளியாள்ட்ட குடுத்தன்னு இங்க கொஞ்சம் பேருக்கு எம்மேல கோவம்" என்று ஆரம்பித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "இவங்கள்ல யாருக்குக் குடுத்தாலும் இன்னைக்கு அவங்க அடுப்படியில நிப்பாங்க. இத்தன வருசத்துல இவங்க ஒரு விசேஷத்தயும் உக்காந்து பாத்ததில்ல. எனக்கு இவங்க எல்லாரும் வந்து உக்காரணும். அவ்வளவுதான்."

அத்தோடு மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மாலைக்காரி மூக்கைச் சிந்தினாள். நான் திட்டிய வார்த்தையெல்லாம் வாயிலேயே கசந்தது.

பெட்டி வந்தது. மேலே அவர் போட்டோ, உள்ளே அந்த லட்டு. என் பக்கத்திலிருந்த கண்ணாடிக்காரர் கடித்துப் பார்த்துவிட்டுத் தாடையைத் தடவினார்.

"என்னங்க இது, இவ்ளோ கெட்டியா இருக்கு? நீங்கதான் லட்டுக்கார அம்மாவா? என் பக்கத்துல உக்காருவீங்கன்னு சொல்லியிருந்தார். எனக்கு வர்ற மாசக் கடைசிங்க."

நான் நிமிர்ந்து வரிசையைப் பார்த்தேன். சால்வைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தன் தோளில் கிடந்த துண்டைக் காட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். ஷாமியானாக்காரர் கையை அகல விரித்து யாருக்கோ அளவு சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அடுத்தடுத்து ரிட்டயர் ஆகப் போகிறவர்கள். போகிற மனுஷன் டவுன்ஷிப்பையே பங்கு வைத்து எங்கள் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். அந்தக் கல் லட்டையும் தெரிந்தேதான் வாங்கினாரோ என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

மிக்சர்காரியைப் பார்த்தேன். அவள் பங்குக்கு வாய்த்தவர் ஷிப்ட் முடித்து நேராக வந்தவர் போலிருக்கிறது, நாற்காலியில் தலை சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவள் எழுப்பவும் தைரியமில்லாமல், கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நாலு இடத்துக்கு அலைய என்னால ஆகாதுங்க. எல்லாத்தையும் முழுசா நீங்களே பாத்துக்குவீங்களா?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

முழுசா நானே பாத்துக்கறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நீங்க எங்கியும் அலைய வாணாம் சார். எங்கிட்ட மட்டும் சொன்னா போதும், எல்லாம் ஒண்ணா உங்க வூட்டுக்கு வந்து எறங்கும். லட்டு நானு. மிக்சரு அதோ அந்தப் பொண்ணு. சால்வைக்கு அவரு. பந்தலுக்கு அவரு."

சொல்லி முடித்ததும் என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அன்றைக்குச் சண்டை போட்டுக் கேட்டும் கிடைக்காத ஆர்டர், தானாக மடியில் வந்து விழுந்ததை நானே பிய்த்து வரிசை முழுக்கக் கொடுத்துவிட்டேன். அவர் அந்தப் பக்கம் யாரோ காலில் விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டிருந்தார், என்னைக் கவனிக்கவேயில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் ஊரைவிட்டுப் போகிறாரே என்றா, ஆர்டர் போய்விட்டதே என்றா என்று கண்ணாடிக்காரருக்குப் புரியவில்லை, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். இரண்டுக்கும்தான் அழுதேன்.